கழுவிய தண்ணீரில் முளைத்தது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். அதனால் தபால் நிலையத்தில் நின்றபடி இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தைத் தபால்காரர் நல்லவேளையாக என் கையில் கொடுத்தார். விஷயம் எனக்குப் புரிந்தது. பாத்திரத்தைக் கழுவிவிட்டு, கடைசித் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்போம் இல்லையா? அப்படித்தான் இலையைக் கழுவிய கடைசித் தண்ணீரையும் கிருமி வளர்த்துப் பார்க்கும் ஒரு தட்டில் ஊற்றி வைத்திருக்கிறாய். அதில் எதுவும் முளைத்திருக்கக் கூடாது. முளைத்துவிட்டது. நீ கண்டுபிடித்த, புண்ணை ஆற்றும் பூஞ்சை இலைக்குள்ளே வாழ்ந்ததா, வெளியே ஒட்டிக்கொண்டு வந்ததா என்பது இப்போது யாருக்கும் தெரியாது. அதற்குள் உன் மேலதிகாரி, இலைக்குள் மருந்து இருக்கிறது என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். வாயைத் திறந்தால் வேலையும் அந்த நாட்டில் தங்கும் அனுமதியும் போய்விடும் என்று எழுதியிருந்தாய்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். செய்தித்தாளில் உன் படம் வந்த நாளிலிருந்து அம்மா சர்க்கரை மாத்திரையைத் தொடுவதில்லை. நீ ஆராய்ந்த அதே செடி நம் கொல்லையிலும் இருக்கிறதே, அதன் இலையை அரைத்துக் கால் புண்ணில் வைத்துக் கட்டுகிறாள், சாற்றையும் குடிக்கிறாள். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "முப்பத்தஞ்சு வருஷம் பள்ளிக்கூடத்து போர்டுல இலையப் படம் போட்டீங்க. உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளாவது தெரிஞ்சுதா? எம்பொண்ணு கண்டுபிடிச்சிருக்கா, பேசாம இருங்க" என்றாள். அங்கே இருந்த பக்கத்து வீட்டம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்போது அந்த அம்மாவும் இலை பறிக்க வருகிறார்.

மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்தேன். கசப்பு காட்டிக்கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பாலை அவளே காய்ச்சிக்கொள்கிறாள். நான் அடுப்படிப் பக்கம் போனாலே, "என்ன வேணும்?" என்று கேட்கிறாள்.

அவள் காலின் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டுப் புண்ணைச் சுத்தம் செய்துகொண்டால் விரல் தப்பலாம், இப்படியே மாதம் முடிந்தால் எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். டாக்டரிடமே உன் செய்தி வந்த தாளை நீட்டி, "படிச்சுப் பாருங்க சார்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. அவளிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நீ எழுதியிருந்தது வேறு. சொன்னாலும், நான் சொல்லி அவள் நம்பப் போவதில்லை. நீ சொன்னால் மட்டும் நம்புவாள்.

செடிக்குள் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை, மகளே. இருக்கலாம். இன்னொரு முறை நன்றாகக் கழுவிப் பார்த்தால் தெரியும். விரலை மட்டும் இன்னொரு முறை வளர்க்க முடியாது.

உன் வேலை நிலைக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அவள் கால் நிலைக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன். இரண்டையும் ஒன்றாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எதை முதலில் கேட்கட்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா