கல்வாழைத் தொட்டிக்கு வரும் தண்ணீர்

சுங்குவார்சத்திரம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஷெர்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எனக்கு உடம்பு பரவாயில்லை. நீயும் நன்றாயிருப்பதாகப் போனில் சொல்கிறாய், அதை நம்பித்தான் இருக்கிறேன். பினாங்கில் உன் பேக்டரிப் பக்கம் மழை விட்டதா. இங்கே வேலை முடிந்து வந்தால் பேச ஆளில்லை, டிவியைப் போட்டுவிட்டுச் சமைக்கிறேன், எவ்வளவு குறைத்து வடித்தாலும் சோறு மிஞ்சுகிறது.

கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் கல்வாழைத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் இன்னும். அங்கே கழிவுத் தண்ணீர் ஜல்லிக்குள் மெதுவாக ஊறி, கல்வாழை, கோரை வேர்களில் சுத்தமாகி ஏரிக்குப் போகிறது. நிலவன் என்று ஒருவர் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறார், மாதம் ஒருமுறை வந்து உள்ளே வரும் தண்ணீரையும் வெளியே போவதையும் பாட்டிலில் பிடித்துப் போவார். நாம் விழுங்கும் மாத்திரையில் கொஞ்சம் சிறுநீரோடு வெளியேறுகிறதாம், அதில் பாதிக்கு மேல் இந்தத் தொட்டி குறைத்துவிடுகிறதாம். போன மாதம் வலி மாத்திரை மருந்து மூன்று மடங்கு வந்திருக்கிறது, இவ்வளவைத் தொட்டி தாங்காது, யாராவது மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டுகிறார்களா என்று கேட்டார். வார்டன் ராஜாமணியம்மா என்னை விசாரிக்கச் சொன்னார்.

ஷிப்ட் முடிந்து வந்த கவிப்பிரியா என்ற பெண்ணிடம் கேட்டேன், உன் வயதுதான் இருக்கும். "யாரும் கொட்டல அங்கிள், எல்லாம் முழுங்குறதுதான். நின்னுகினே கீறோம், அதுக்கு மேல ஓவர்டைம் வேற. மாத்திரை போடாம லைன்ல நிக்க முடியல" என்றாள். மாதவிலக்கு நாட்களில் இரண்டிரண்டாகப் போடுவார்களாம். அதை அப்படியே வார்டனிடம் சொன்னேன். இன்று காலை அவர் ஒரு டாக்டரம்மாவை வரவழைத்தார், நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஆனால் லைனில் உட்கார ஸ்டூல் வேண்டும் என்று வார்டன் கம்பெனியில் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

போனில் கேட்க வாய் வராததால்தான் எழுதுகிறேன். லீவில் வந்தபோது உன் பையில் அதே மாத்திரை அட்டைகள் நாலைந்து பார்த்தேன். காய்ச்சலுக்கு இருக்கும் என்று ஜிப்பை மூடிவிட்டேன். அம்மா இருந்திருந்தால் அப்போதே கேட்டிருப்பாள், எனக்குக் கேட்கத் தெரியவில்லை மகளே. இங்குள்ள பெண்களுக்கு வலிக்கிறது என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருக்கிறார். உனக்கு வலித்தால் நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. தேவமாதா உன் பக்கத்தில் இருக்கட்டும். எத்தனை போடுகிறாய் என்று மறைக்காமல் எழுது.

உன் அப்பா,
சாம்சன்