மேடையை விட்டு இறங்கிய பிறகு

ஜனவரி 9, வியாழன்

டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். இடது கை விரல்கள் இனி இழுத்து வாசிக்கும் அக்கார்டியனுக்கு ஆகாது. இந்தத் தீவில் எந்தக் கல்யாணமானாலும் ஊர் ஆட, மேடையில் நான்தான் வாசிப்பேன். இனி மண்டபத்தில் எனக்கு என்ன வேலை? மூலையில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் கழற்றிப் போட்ட கோட்டுக்குக் காவலா?

ஜனவரி 12, ஞாயிறு

என் வீட்டுக்காரன் லாக்லன் சொல்கிறான்: "இனிமேலாவது என்கூட ஆடுவியா, எஃபி? கல்யாணமான நாள்லேர்ந்து ஊரான் பொண்டாட்டிகளோடயே ஆடிட்டிருக்கேன்."

எனக்கு ஆடத் தெரியாது. அதைச் சொல்லவும் வெட்கம். ஊரையே ஆட்டி வைத்தவள்!

ஜனவரி 15, புதன்

சமையலறை மேசையைச் சுவரோரம் தள்ளினோம். 'கே கோர்டன்ஸ்'. ஜோடி ஆட்டங்களிலேயே சுலபமானதாம். அருகருகே நின்று, கைகோத்து முன்னால் நடக்க வேண்டும். பிறகு கையை விடாமல் திரும்பி, பின்னோக்கி நடை. நான் எதிர்ப்பக்கம் திரும்பி அவன் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டேன்.

"பிடிச்சிருக்கிறது என் கையா, அக்கார்டியனா? இந்த இழு இழுக்கிற!"

ஜனவரி 16

முழங்கால் வலி. நாய்கூட என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறது.

ஜனவரி 22, புதன்

சண்டை. "நீ தாளத்துக்கு முந்தி ஓடுற" என்றேன்.

"இத்தனை வருஷத்துல யாரும் சொல்லலையே?"

"எப்படிச் சொல்லுவாங்க? நீ ஓடுறதைப் பாத்துப் பாத்து நானும் வேகமா வாசிச்சேன். உனக்காக."

 "எனக்காகவா?" என்று மெல்லக் கேட்டான். நான் டீக்குக் கெட்டிலை வைக்கப் போய்விட்டேன். இதை ஏன் இத்தனை நாள் சொல்லாமலே இருந்தேன்?

பிப்ரவரி 1, சனி

மண்டபத்தில் ஆடினேன்! அக்கரையிலிருந்து வந்த பெண் வாசித்தாள் — நன்றாகவே வாசித்தாள், பொறாமைதான். ஒருமுறை தப்பாகத் திரும்பி, தபாலாபீஸ் கிர்ஸ்டி மேலேயே மோதினேன். "மேடையே இறங்கி வந்து இடிக்குதே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மேடையிலிருந்து தலைகள்தான் தெரியும். இன்று லாக்லன் தூக்கிய கைக்கு அடியில் சுழன்றபோது எல்லா முகமும் கிட்டத்தில் வந்து வந்து போனது.

பிப்ரவரி 15, சனி

லாக்லனுக்குக் கணுக்கால் சுளுக்கு, உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்காரப் போனேன். கதவோரம் படகுக்கார முர்டோ நின்றிருந்தான். மனைவி இறந்துபோனதிலிருந்து மண்டபத்துக்கே வராதவன். நேரே போய்க் கையை நீட்டினேன்.

"எனக்கு ஆடத் தெரியாதே, எஃபி. அவ எத்தனையோ தடவை கூப்பிட்டா..."

"பக்கத்துல நில்லு. முன்னால நட. மத்ததை நான் பாத்துக்கறேன்."

என் காலை நன்றாகவே மிதித்தான். இரண்டாவது ஆட்டத்துக்கு அவனே வந்து கூப்பிட்டான்.