கை நீட்டினால் வந்துவிடும்

அண்ணாமலை நகர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செம்பியனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் செருப்பு மட்டும் இன்னும் காயவில்லை. அங்கே நீ நலமாகவும், முக்கியமாக உலர்ந்தும் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். கடிதமா, இந்தக் காலத்திலா என்று சிரிப்பாய். சிரி. போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். உன் இரண்டு சரிம்மாவுக்கும் நடுவில் நான் சொன்னது எங்கோ விழுந்து தொலைந்துபோகிறது. கடிதத்துக்குள் நீ சரிம்மா போட முடியாது. மற்றபடி குவார்ட்டர்ஸில் தண்ணீர் வழக்கம்போல வருகிறது, வழக்கம்போல வருவதில்லை. நூலகத்தில் என் பிரிவை மாடிக்கு மாற்றிவிட்டார்கள், முழங்காலுக்குத்தான் வருத்தம். பக்கத்து வீட்டு மங்கலம் அக்கா நீ மீன் பிடிக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் வாணி, பையன் கம்ப்யூட்டர் வேலைன்னுதான சொன்ன?" என்று ரகசியக் குரலில் கேட்டார். கம்ப்யூட்டர் வேலைதான், இது லீவு நாளில் என்றேன். நம்பவில்லை. உனக்குப் பெண் பார்க்கும்போது மீனில்லாத படம் ஒன்று வேண்டும் என்கிறார்.

படம் என்றதும் நம் சண்டைக்கு வருகிறேன். போன மாதம் நீ அனுப்பிய படத்தில் மஞ்சள் சட்டையில் நீ இருந்தாய், கானாங்கெளுத்தி மாதிரி ஒரு மீன் இருந்தது, ஒற்றை ஆள் உட்காரும் அந்த ஒடுங்கிய கயாக் படகு இருந்தது, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் கடல். உன் முதுகுக்குப் பின்னால் மடித்துவைத்த லைஃப் ஜாக்கெட். உன் உடம்பில் இல்லை. பின்னால். கேட்டதற்கு, அதைப் போட்டால் தூண்டில் வீசக் கை வருவதில்லை, பக்கத்தில்தான் இருக்கிறது, கை நீட்டினால் வந்துவிடும் என்றாய். எனக்கு அன்று தூக்கம் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே உன் வக்கீல் ஆகிவிட்டார். "புள்ளைக்கு நீச்சல் தெரியும். ஜாக்கெட்டு பின்னாடியே இருக்கு. கைய நீட்டினா வந்துடப் போவுது. நீ ஏன் சும்மா பயந்து சாவுற?" அப்பாவே கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஓடிய காலத்தில் நீந்தக் கற்றவர். அந்தப் பெருமை அவருக்கு இன்னும் வற்றவில்லை.

இதற்கிடையில் உன் கலைமணி மாமா ஒரு கயாக் வாங்கிவிட்டான். ஆமாம், கடலூரில் மொபைல் கவர் விற்கும் அதே மாமாதான். உன் படத்தைப் பார்த்துத்தான் வாங்கினான். தூண்டில் போடுவதை வீடியோ எடுத்து ஒரு சேனல் தொடங்கப் போகிறானாம். படகு ஆரஞ்சு நிறத்தில் பெரிய சோப்புப் பெட்டி மாதிரி இருக்கிறது. குட்டி யானை வண்டியில் ஏற்றிச் சிதம்பரம் வழியாகக் கொண்டுவந்தான். டீக்கடையில் நிறுத்தியபோது ஒருவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி என்ன விலை என்று கேட்டாராம். இன்னொருவர், எந்தக் கோயில் தெப்பத்துக்கு என்று கேட்டாராம். பூசை போட்டான். சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எதன் கீழ் வைப்பது என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் தானே மிதித்தான். ஒரு லைஃப் ஜாக்கெட்டும் வாங்கியிருந்தான். நல்ல ஜாக்கெட். விசில்கூட இணைத்திருக்கிறார்கள். எல்லாம் பளபளவென்று ஒட்டிய பிளாஸ்டிக் கவருக்குள். நீ வெளிநாடு போகும்வரை இந்த வீட்டில் யாரும் படகைப் பற்றிப் பேசியதே இல்லை. இப்போது வேறு பேச்சே இல்லை.

போன ஞாயிறு கிள்ளைக்குப் போனோம். அங்கே நண்டு பிடிக்கும் லூர்துசாமி, கலைமணியின் கடை வாடிக்கையாளர். அவர் வீட்டுக்குப் பின்னால் உப்பங்கழி. தண்ணீர் அசையவே இல்லை. அப்பா உன் பழைய அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக நான் போகிறேன் என்றார். ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கலைமணி பதறிப்போனான். "அக்கா, பிரிக்காத. சைஸ் சரியில்லன்னா ரிட்டன் பண்ணணும். டேக்கு இருக்கணும், கவர் கலையக்கூடாது." போடாத ஜாக்கெட்டின் சைஸ் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் கவரை ஒருமுறை தடவிக்கொடுத்தான். அப்பாதான் பதில் சொன்னார். "பின்னாடி வைடா மச்சான். வேணும்னா எடுத்துப் போட்டுக்குறேன். செம்பியன் அப்படித்தான பண்றான்?" ஆக, ஜாக்கெட் கவரோடு சீட்டுக்குப் பின்னால் போனது. உன்னுடையதைப் போலவே. கலைமணி கரையில் நின்று வீடியோ எடுத்தான். அப்பாவின் போன் என் கையில் இருந்தது, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் புத்தியாக இருந்தோம்.

அப்பா நன்றாகத்தான் துடுப்புப் போட்டார். ஒருமுறை தூண்டில்கூட வீசினார். பிறகு அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். நம் சண்டையை அங்கேயே தீர்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். "வாணி, இங்க பாரு. உன் புள்ள சொன்னது நெசந்தான். திரும்பி, கைய நீட்டினா..." வாக்கியம் முடியவில்லை. மிச்சத்தைத் தண்ணீருக்குள் சொன்னார். படகு அவசரமே படவில்லை, செம்பியா. தோசையைத் திருப்பிப் போடுவதுபோல ஒரே திருப்பு. அவ்வளவுதான். கவிழ்த்தது காற்று இல்லை, மீன் இல்லை. ஜாக்கெட்டை எடுக்க நீட்டிய கைதான் கவிழ்த்தது.

மேலே வந்தார். துடுப்பு ஒரு பக்கம் போனது, தொப்பி ஒரு பக்கம். ஜாக்கெட் மட்டும் கவருக்குள் சௌகரியமாக மிதந்தது. எட்டிப் பிடித்தார். கவர் வழுக்கியது. நகத்தால் பிய்த்தார், வரவில்லை. பல்லால் கடித்தார். கரையிலிருந்து உன் மாமா தொண்டை கிழியக் கத்தினான். "மாமா! கவரக் கிழிக்காதீங்க மாமா! ரிட்டன் எடுக்க மாட்டான் மாமா!" அப்பா கவரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "டேய் மச்சான், உன் ரிட்டன்ல..." என்று தொடங்கினார். மீதியை உப்புத் தண்ணீர் விழுங்கிவிட்டது, இல்லையென்றாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். சத்தம் கேட்டு லூர்துசாமி டம்ளரோடு வெளியே வந்தார். அங்கே தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர்கள் உண்டு. "என்னா சார், இறாலா? இந்தப் பக்கம் ஒன்னும் கெடைக்காதே" என்றார். அப்பா மறுபடியும் முங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது வரவில்லை. குரல் எழும்பவில்லை. அவர் கை தெரிந்தது, பிறகு கவர் தெரிந்தது, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அது அப்பாவாக இல்லை. நீயாக இருந்தாய். உன் சாம்பல் நிறக் கடல், உன் மஞ்சள் சட்டை.

அவருக்கு அப்பால் ஒரு கொக்கு இருந்தது. அது மிதக்கவில்லை. நின்றுகொண்டிருந்தது. நின்று, தலையைச் சாய்த்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "என்னங்க! கொக்கே நிக்குது, நீங்களும் நில்லுங்க!" என்று கத்தினேன். அப்பா நின்றார். தண்ணீர் இடுப்புக்கு இருந்தது.  லூர்துசாமி டம்ளரோடு வீட்டுக்குள் போய்விட்டார். சிரிப்பதற்குத்தான் போனார், சுவர் வழியாகக் கேட்டது.

ஆனால் இதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்கு எழுதவேண்டியது. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கவரைக் கிழித்து ஜாக்கெட்டை வெளியே எடுத்து, அங்கேயே தண்ணீரில் போட்டுக் காட்டுகிறேன் என்றார். ஒரு கை நுழைந்தது. இன்னொரு கை விசில் கயிற்றுக்குள் மாட்டியது. தலை வழியாகப் போடப் பார்த்தார், ஜாக்கெட் மிதந்து முகத்தை மூடியது. தூண்டில் நரம்பு காலைச் சுற்றியிருந்தது. முள் சட்டையைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் நான் புடவையோடு இறங்கி, சாவிக்கொத்தில் இருந்த நகவெட்டியால் நரம்பை வெட்டினேன். தரையில் இரண்டு காலும் ஊன்றி நிற்கும் மனிதர். வெதுவெதுப்பான தண்ணீர். அலையே இல்லை. அப்படியும் போட முடியவில்லை. உன் தண்ணீரில் கொக்கு நிற்காது, செம்பியா. அந்தக் குளிர் தண்ணீரில் விழுந்தால் முதலில் மூச்சு தானாகவே உள்ளே இழுக்குமாம், நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். நீ நினைத்தாலும் அடக்க முடியாதாம். அந்த நேரத்தில் உன் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கவேண்டும். அதற்குத்தான் ஜாக்கெட். பிறகு கை விரைத்துவிடும், ஜிப்பைத் தேடக்கூட விரல் இருக்காது. அதனால் சட்டையும் வெயிலைப் பார்த்துப் போடக்கூடாது, தண்ணீரின் குளிரைப் பார்த்துப் போடவேண்டும், அதற்கென்றே உடை விற்கிறதாமே, வாங்கு. துடுப்பைக் கயிற்றால் படகோடு கட்டு. அப்பாவின் துடுப்பை லூர்துசாமி படகெடுத்துப் போய்த்தான் கொண்டுவந்தார். விசில் சட்டைக்கு மேலே தொங்கட்டும், பையில் இருக்கும் விசிலை மீன்தான் ஊதும். நரம்பு வெட்டச் சின்னக் கத்தி ஒன்று நெஞ்சருகே இருக்கட்டும், எல்லா இடத்துக்கும் நான் நகவெட்டியோடு வர முடியாது. போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உன் உடம்பில் மாட்டு, படகில் வைக்காதே, படகு உன்னை விட்டுப் போய்விடும். பெரிய படகுக்காரர்கள் கண்ணில் படும்படி ஒரு கொடி வை. காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் நாளில் போகவே போகாதே. எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று உன் அறை நண்பனிடம் சொல்லிவிட்டுப் போ. எனக்குச் சொல்லாதே. சொன்னால் நான் இங்கே கடிகாரத்தைத் தின்றுவிடுவேன்.

திரும்பி வரும்போது இன்னொன்று நடந்தது. உனக்குத் தெரியும், அப்பாவின் ஹெல்மெட் எப்போதும் பெட்ரோல் டேங்க் மேல்தான் உட்கார்ந்து வரும். பைபாஸில் போலீஸ் தெரிந்தால் தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கும். அன்று கிள்ளையிலேயே, வண்டியை எடுப்பதற்கு முன்பே போட்டுக்கொண்டார். பட்டையை மாட்டினார். டக் என்று ஒரு சத்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.   ஈரத்தோடு வீடு வந்தோம். கலைமணிதான் அடங்கவில்லை. ஜாக்கெட்டைக் காயவைத்து, கவரை செலோடேப் போட்டு ஒட்டி, சைஸ் சரியில்லை என்று ரிட்டன் போட்டான். எடுக்க வந்தவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னா அண்ணே, நாய் கடிச்சிடுச்சா?" என்று கேட்டாராம். "இல்லீங்க, எங்க மாமா" என்றானாம். எடுக்கவில்லை. வீடியோவை வேறு போட்டுவிட்டான். அதில் அப்பா தெரிவதைவிட அவன் குரல்தான் கேட்கிறது. என் நூலகத்தில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். யாராவது புத்தகத்துக்கு அட்டை போட்டால்கூடக் கவரைக் கிழிக்காதீங்க மாமா என்கிறார்கள்.

முந்தாநாள் உன் புதுப்படம் வந்தது. பெரிய மீன். இதுவரை நீ பிடித்ததிலேயே பெரியது என்று எழுதியிருந்தாய். ஜாக்கெட் பின்னால்தான் இருந்தது. நாங்கள் நடந்ததைச் சொல்வதற்கு முன்பே எடுத்த படம், அதனால் உன்மேல் கோபமில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். உன் மீன் படம் எது வந்தாலும் அப்பா என்ன செய்வார் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நான் பார்ப்பதற்கு முன்பே ஸ்டேட்டஸில் போடுவார். டீக்கடையில் காட்டுவார், வங்கி வரிசையில் முன்னால் நிற்பவருக்குக் காட்டுவார், ஒருமுறை கடலூர் பஸ்ஸில் கண்டக்டரை டிக்கெட் கொடுக்கவிடாமல் காட்டினார். இந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. காலையில் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மீனை இல்லை. உன் சீட்டுக்குப் பின்னால் தெரிந்த ஜாக்கெட்டின் அந்த ஆரஞ்சு மூலையை. "அங்க எவ்ளோ ஆழம் இருக்கும் வாணி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். வழக்கமாகத் திரும்ப நேரமாகும். அன்று உடனே வந்துவிட்டார்.

அவ்வளவுதான் செய்தி. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. உன் கையில் மீன் சிக்கட்டும், சிக்காமலும் போகட்டும், கரை மட்டும் ஒவ்வொரு தடவையும் உனக்குச் சிக்கவேண்டும் என்று உன்னை வாழ்த்துகிறேன். ஒன்றை மறக்காதே. ஜாக்கெட்டைப் படகில் ஏறிய பிறகு போடாதே, கரையிலேயே போடு. ஜிப்பை மேல்வரை இழு, பட்டைகளை இறுக்கு, தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுக்கு ஏறக்கூடாது. அப்படி நின்று ஒரு படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பு. மீன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாவம், காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறார்.

உன் பதிலுக்கு இல்லை, உன் படத்துக்குக் காத்திருக்கும்
அம்மா
இசைவாணி