நீ வாங்கி வைத்த போர்டு ஓடுகிறது, மச்சான்

எஸ்டேட் பள்ளிக்கூட பெஞ்சிலும், பிறகு உன் தங்கையைக் கட்டிக்கொண்ட புண்ணியத்தில் எல்லாக் கல்யாணப் பந்தியிலும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அன்பு மச்சான் சேகருக்கு,

முதலில் நல்ல செய்தி. நம் மலையூர் பிரிஞ்சாங்கில் உன் வீட்டு இணையம் இப்போது பறக்கிறது. மாடியில் வாடகைக்கு விடுகிற நான்கு அறையிலும் ஆள் நிறைந்திருக்கும்போதே பறக்கிறது. நம்ப மாட்டாய். நானும் நம்பவில்லை.

நீ கண்ணை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அழுகை வந்தது. அழுதுகொண்டே எழுதினால் நீ கிண்டல் செய்வாய் என்று தள்ளிப் போட்டேன். இன்று சிரித்துக்கொண்டே எழுதலாம் போலிருக்கிறது.

அந்தப் போர்டு ஞாபகம் இருக்கிறதா? ஈப்போவில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடையிலிருந்து, தாம்பாளத் தட்டு அகலத்தில் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தாயே. ஏதோ ஒரு கம்பெனி கழித்துக் கட்டிய சர்வர் மதர்போர்டு என்றாய். நூற்றுக்கணக்கான பேருக்கு ஓயாமல் உழைத்த சாமான், வீட்டுக்கு ரூட்டராகப் போட்டால் அதற்கு விளையாட்டு மாதிரி என்றாய். "அடப் போ லா, இரும்புக் கடையில போடு" என்றேன் நான். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷமாக மெஷின் பிட்டராக இருக்கிற திமிர்.

நீ அதை மறுபடி துண்டில் சுற்றி அலமாரி மேல் வைத்தாய். இரண்டே மாதத்தில் போய்விட்டாய். உன்னிடம் நான் கடைசியாகப் பேசியது அது இல்லை. ஆனால் உன்னை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அதுதான். மன்னித்துவிடு, மச்சான். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்திருக்கக் கூடாதா?

போர்டை அலமாரியிலிருந்து இறக்கியது உன் மகள் கயல். கோலாலம்பூர் வேலையை அவள் விடவில்லை. ஆனால் அம்மா வசந்தியை அந்த வீட்டில் தனியே விடவும் மனசில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கம்பெனியிடம் கேட்டாள். மூன்று மாதம் பார்க்கிறோம், மீட்டிங் நடுவில் அறுந்து அறுந்து போனால் கோலாலம்பூருக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் மாதமே அறுந்தது. வீட்டுக்கு வருகிற கேபிளில் ஒரு குறையும் இல்லை. மூலையில் இருந்த உன் குட்டி ரூட்டருக்குத்தான் வயசாகிவிட்டது. பள்ளி விடுமுறை வந்தது. ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்தாறு போன். அது என்ன செய்யும் பாவம், மூச்சு முட்டிப் படுத்துவிடும்.

உன் பெண்டாட்டி என்ன செய்தாள் தெரியுமா? கயலுக்கு மீட்டிங் என்றால் விருந்தாளிகளை எல்லாம் கிளப்பிவிடுவாள். "ஸ்ட்ராபெரி பறிக்க இதுதாங்க நல்ல நேரம், கியா பார்ம் போயிட்டு வாங்க" என்பாள். வெளியே மழை கொட்டும். போனவர்கள் இரண்டு மணி நேரம் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு, கையில் நாலு ஸ்ட்ராபெரியோடு திரும்பி வருவார்கள். ஒரு அம்மா என்னிடம் வந்து, "அண்ணே, இந்த வீட்டுல பகல்ல உட்காரவே கூடாதா?" என்று கேட்டுவிட்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம்தான் கயல் போர்டை இறக்கினாள். உன் பழைய சாமான் பெட்டியிலிருந்து மெமரி, பவர் சப்ளை எல்லாம் தேடி எடுத்தாள். ரூட்டர் வேலைக்கென்றே இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள் ஒன்றைப் பென்டிரைவில் இறக்கிக்கொண்டாள். குட்டி ரூட்டருக்கு இனிமேல் வைஃபை பரப்புகிற வேலை மட்டும். பாரம் எல்லாம் உன் போர்டு சுமக்கும் என்றாள். கேபிள் சொருகுகிற பொறுப்பு எனக்கு.

போர்டின் ஓரத்தில் மூன்று துளைகள். இரண்டு ஒட்டி ஒட்டி, ஒன்று மட்டும் தள்ளி, தனியாக. வெளியிலிருந்து வருகிற கேபிளை எதில் சொருகுவது? நாம் எஸ்டேட்டில் பிறந்தவர்கள் இல்லையா? தனி கேட், தனி நாற்காலி, தனிக் கோப்பை எல்லாம் யாருக்கு? வெளியிலிருந்து வருகிற துரைக்குத்தானே! யோசிக்கவே இல்லை, தனித் துளையில் சொருகிவிட்டேன்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. நான் கேபிளைத் திட்டினேன், கடைக்காரனைத் திட்டினேன், உன்னையும் கொஞ்சம் திட்டினேன். மூன்றாம் நாள் கயல் போர்டின் கையேட்டைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தத் துளை, மெஷின் நன்றாக இருக்கிறதா என்று தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு மட்டுமாம். இணையம் அதன் வழியாக உள்ளே போகவே போகாதாம். "மாமா, துரை சும்மா வந்து பார்த்துட்டுப் போவாரு. வேலை செய்யறது பக்கத்துல இருக்கிற ரெண்டு பேருதான்" என்றாள். இது எனக்குத் தெரியாத விஷயமா, மச்சான்?

கேபிளை மாற்றியதும் ஓடியது. எப்படி ஓடியது! வசந்தி முதல் தடவையாக மழையில் யாரையும் வெளியே அனுப்பவில்லை. எல்லாருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஆட்டம் மூன்று நாள்தான். போர்டின் நடுவே, சூட்டை இறக்குவதற்கென்று, சீப்புப் பல் மாதிரி தகடு அடுக்கிய ஒரு கட்டி இருக்கிறதே, அதற்குச் சொந்தமாக ஃபேன் கிடையாது. கயல் சொல்லத்தான் செய்தாள். "பிரிஞ்சாங் குளிருக்கு ஃபேன் எதுக்கும்மா? நாமளே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கறோம்" என்று அவள் வாயை அடைத்தது நான்தான். பலகை மேல் வைத்து, ஜன்னலோரம் திறந்து போட்டிருந்தேன். பெரிய மேனேஜர் பேசிக்கொண்டிருந்த மீட்டிங்கில், மெஷின் சூடு தாங்காமல் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது.

கயல் அறையிலிருந்து வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். "இன்னொரு தடவை இப்படி ஆனா கிளம்பி வந்துடுன்னு சொல்லிட்டாங்க மாமா" என்றாள். ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வசந்தி உள்ளே போய்விட்டாள். புருஷன் வாங்கி வைத்ததையும் இந்த அண்ணன் கெடுத்தான் என்று நினைத்திருப்பாளோ?

மறுநாள் வேலையில் கொழுந்து வாட்டுகிற தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வலை மேல் பச்சைக் கொழுந்து, தொட்டிக்கு ஒரு முனையில் பெரிய ஃபேன், ஓயாமல் காற்று. இத்தனை குளிர் மலையில் எதற்கு ஃபேன் என்று முப்பது வருஷத்தில் ஒருநாளாவது கேட்டிருப்பேனா? மாட்டேன். குளிர் சும்மா நின்றுகொண்டிருந்தால் கொழுந்து வாடாது, காற்று அதற்குள் புகுந்து போக வேண்டும் என்று புது ஆட்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவன், "என்னண்ணே, கொசுவா?" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் போர்டுக்கு ஒரு குட்டித் தொட்டி செய்தேன். பலகையில் நீளப் பெட்டி. ஒரு முனையில் மெதுவாகச் சுற்றுகிற ஃபேன், மறு முனை திறப்பு. பல்லி புகாமல் இரண்டு பக்கமும் வலை. காற்று ஒரு பக்கம் நுழைந்து, தகடுகளுக்கு நடுவே புகுந்து, மறுபக்கம் வெதுவெதுப்பாக வருகிறது. என் உள்ளங்கையை அங்கே வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. மெஷின் என்றால் இரைச்சல் போட வேண்டும் என்று நம்புகிற எனக்கு அது ஒன்றுதான் குறை.

அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அறுந்து போகவில்லை. விடுமுறைக் கூட்டம், கட்டிலில் படுத்துக்கொண்டு படம் பார்க்கிறவர்கள், உன் தங்கை செல்வி உங்கள் அக்காவோடு வீடியோவில் ஒரு மணி நேரம் புரளி பேசுவது, எல்லாவற்றையும் தாங்கியது. போன வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதம் முடிந்தது. கயல் மீட்டிங் முடித்து வந்து, "அம்மா, நான் இங்கயே இருக்கலாமாம்" என்றாள். செல்வி கை தட்டினாள்.

வசந்தி எழுந்தாள். அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். கயலின் துணிகள். கோலாலம்பூர் வெயிலுக்கென்று மெல்லிய சட்டைகளாகப் பார்த்து மடித்து வைத்திருந்தாள். ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய். துணிக்கு நடுவே, உடையாமல் இருக்க, உன் சின்னப் படம். "போக வேண்டி வந்தா அவ முன்னாடி அழக்கூடாதுன்னு, மெஷின் அணைஞ்சு போன அன்னைக்கே கட்டி வெச்சுட்டேண்ணே" என்றாள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை. போக முடியவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மச்சான். உன் போர்டைக் காட்டி, இங்கேதான் எல்லா வசதியும் இருக்கிறதே என்று சொல்லி உன் மகளை நான் கட்டிப் போட மாட்டேன். ஒருநாள் அவளாகவே போக ஆசைப்பட்டால், அந்தப் பையை மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் நானே தூக்கிப் போவேன். அன்றைக்கும் உன் மெஷினை அணைய விட மாட்டேன். அவள் அங்கிருந்து கூப்பிடும்போது அவள் அம்மா முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

உன் தங்கை செல்வியின் வீட்டுக்காரன்,
உன் மச்சான் மணியம்