அடைத்து நிறுத்திய வேன்

செவ்வாய்க்கிழமை, இஷாத் தொழுகைக்குப் பிறகு

இன்றைக்கும் கம்பஸில் வாகனம் விட இடமில்லை. பரீட்சை மேற்பார்வைக்கு நேரமாகிவிட்டது. கூடப்பிறந்த நானாவிடம் இரவல் வாங்கிய வேனை நூலகத்து ஸ்கூட்டிகளுக்குப் பின்னால் அடைத்து நிறுத்திவிட்டு ஓடினேன்.

பரீட்சை நடக்கும்போது காவலாளி மண்டபத்துக்கு வந்து வேனின் இலக்கத்தைச் சொல்லி, யாருடையது என்று கேட்டார். பக்கத்தில் எங்கள் மேலதிகாரியான பீடாதிபதி நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பின்னேரம், நான் வேனை அப்பால் எடுத்து விட்ட பிறகு, நூலகத்தில் வேலைசெய்யும் ரஞ்சினி ஸ்கூட்டியை எடுக்க வந்தாள். காலையில் அவளுடைய மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் மூச்சு இழுத்திருக்கிறது. ஸ்கூட்டியை வெளியே எடுக்க ஏலாமல் கேற் வரைக்கும் ஓடிப்போய் ஓட்டோ பிடித்திருக்கிறாள். பிள்ளைக்கு இப்போது சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

"ஆரோ வேனை அடைச்சி விட்டுட்டுப் போயிருக்காங்க மிஸ். ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியா" என்றேன்.

தொழுதுவிட்டு இறைவனிடம் துஆக் கேட்க வாய் வரவில்லை. ரஞ்சினிக்கு ஃபோனில் கோல் எடுத்தேன்.

"அந்த வேன் எங்கட நானாட, ரஞ்சினி. நான்தான் விட்டன்."



"நான் கேக்கக்குள்ளயே சொல்லியிருக்கலாமே மிஸ்" என்றாள். மகன் கூப்பிடுகிறான் என்று வைத்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். அதைக் கேட்கவே இல்லை.