தம்பி தலையில் ஒரு மாத முடி

மே 6, திங்கள்
நாற்பத்துமூன்று டிகிரி. ஆய்வகத்தில் ஏசி மறுபடி சொட்டுகிறது. பராமரிப்பு ஆளிடம் கத்தினேன். பலன் பூஜ்யம்.

மே 8, புதன்
தார்நாகா மெட்ரோ. எதிர் பிளாட்பாரத்தில் சாரங்கபாணி. என் தம்பி! சென்னைக்காரன் ஹைதராபாத்தில் எங்கே வந்தான்? கூப்பிட வாயெடுத்தபோதுதான் தலையைக் கவனித்தேன். கழுத்தில் புரளும் முடியைக் காணோம். பிரஷ் மாதிரி குத்திட்டு நிற்கிறது. மொட்டை அடித்து ஒரு மாதம் ஆன தலை. அதற்குள் ரயில் வந்து ஏறிப் போய்விட்டான்.

எங்கள் வீட்டில் வேண்டுதலுக்கு முடி கொடுக்கும் வழக்கமில்லை. ஆண்பிள்ளை மொட்டை அடித்தால் ஒரே காரணம்தான். அம்மா போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. அப்படியானால் — அப்பா.

எனக்கு ஏன்டா சொல்லலை? சபீனாவைக் கட்டிக்கொண்டதிலிருந்து ஒன்பது வருடமாக யாரும் பேசுவதில்லை, சரி. இதைக்கூடவா மறைப்பார்கள்? மூத்தவன் நான். கொள்ளி நான் போட வேண்டியது.

மே 9, வியாழன்
மொட்டை அடித்துக்கொண்டேன். மீசையும் போயிற்று. யாரையும் விசாரிக்கவில்லை. மறைத்தவர்களிடமே போய்க் கேட்பேனா?

கதவைத் திறந்த சபீனா அப்படியே நின்றாள். "கைக்கு? ஏன் இப்படி?" விஷயத்தைச் சொன்னதும் அழுதாள். பிறகு என் போனைப் பிடுங்கி ஸ்ரீரங்கத்து வீட்டு நம்பரை அழுத்தினாள். "நக்கோ, வேண்டாம்!" என்று நான் கத்தக் கத்த, ஸ்பீக்கரில் ஒரு இருமல். "யாரு? சொல்லுங்கோ."

அப்பா.

போனை அணைத்துவிட்டேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மே 10, வெள்ளி
சாரங்கன் போனில் பேசினான். "உன் நம்பர் வந்ததாம். என்னன்னு கேக்கச் சொன்னார் அப்பா." எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அது ஹேர்கட்டுண்ணா. ஆன் ப்ரோஸ்னு பிரெஞ்சுப் பேர். ஆபீஸ் வேலையா அங்க வரவேண்டியிருந்தது, வெயிலுக்காக வெட்டிண்டேன்."

உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு நான் — சீ! "அவர்கிட்ட சொல்லிடாதேடா" என்று கெஞ்சினேன். போனை வைத்துவிட்டான்.

மே 17
ஆய்வகத்தில் எல்லோரும் "திருப்பதியா?" என்கிறார்கள். தலையாட்டுகிறேன்.

ஜூன் 9, ஞாயிறு
காலையில் மணி அடித்தது. வாசலில் சாரங்கன். அவன் பின்னால் அப்பா. சொல்லாமல் கொள்ளாமல்! செருப்பைக்கூடக் கழற்றாமல் என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒன்னைத் தலைமுழுகினேன். நீ எனக்கு மொட்டை அடிச்சுண்டுட்டே. சரியாப் போச்சு, போ."

அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"சபீனா, ஒரு வாய் காபி தரயாம்மா?"

இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.