உன் குரலில் நான் சொன்னது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூத்த வாலு பணிவோடு (சிரிக்காதே) எழுதிக்கொள்வது. இங்கே நான், தம்பி, சித்தி, சித்தியின் தையல் மெஷின் நால்வரும் நலம். மெஷினுக்கு மட்டும் கொஞ்சம் மூட்டுவலி, எண்ணெய் விட்டிருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? கடிதம் என்றால் கேட்டாக வேண்டுமே என்று கேட்கவில்லை. நிஜமாகவே தெரிய வேண்டும். ஏன் என்று பின்னால் வருகிறது.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை வீணாக்குகிறாள் என்று நினைப்பாய். எதிர்வீட்டு அத்தை லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறார். நீ வேலை பார்க்கும் வீட்டுக்குப் பக்கத்துத் தெருதானே, கையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றார். இன்னொரு காரணமும் உண்டு. நான் செய்த ஒரு தப்பை உன்னிடம் சொல்ல வேண்டும். அதை வாயால் சொல்ல எனக்குப் பயம். தப்பைச் செய்ததே அந்த வாய்தான். பேனாவுக்கு மிமிக்ரி தெரியாது, அதனால் இதை நம்பலாம்.

முதலில் நீ எப்போதும் கேட்கிற பள்ளிக்கூடத்துச் செய்தி.

தம்பியின் பள்ளிக்கூடம் அப்படியே இருக்கிறது. நான் படித்த காலத்தில் இருந்த அதே ஒற்றைக் கூடம், நடுவில் அதே இரண்டு பீரோக்கள். பீரோவுக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால், இந்தப் பக்கம் இரண்டாம் வகுப்புக்கு இலவசமாகக் கணக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் வகுப்புக்கு ஒருவழியாக ஃபேன் வந்தது. அதே நாளில் நர்ஸ் வந்து எல்லார் தலையையும் பார்த்ததில் பேனும் வந்தது. ஃபேன் மேலே, பேன் தலையிலே. தம்பி தப்பித்தான். நான் அவனுக்கு மொட்டை மாதிரி வெட்டிவிட்டிருந்தேன், குடியிருக்க இடமில்லை. மைதானத்துச் சீசா ஏற்றப்பலகையில் ஒரு பக்கம் உடைந்துவிட்டது. இன்னொரு பக்கம் நன்றாக இருப்பதால் பிள்ளைகள் அதில் ஏறி, யாரும் எதிரே இல்லாமல், மேலே போகக் காத்திருக்கிறார்கள்.

பெரிய டீச்சர் இன்னமும் வாசல் கரும்பலகையில் 'செய்திகளும் வரப்போவதும்' என்று முத்து முத்தாக எழுதுகிறார். வரப்போவதில் இப்போது ஒன்றே ஒன்றுதான்: ஆண்டு விழா. நாடகத்தில் தம்பி மேகம். வசனம் கிடையாது, இடமிருந்து வலமாக நகர்ந்தால் போதும். சித்தி பழைய தலையணையைப் பிரித்து உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கிறாள். பஞ்சு மூக்கில் ஏறி அவன் தும்முகிறான். அதை இடி என்று வைத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் முடிவு செய்துவிட்டார்.

அந்த விழாவின் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். பரிசு கொடுக்கப் பெரிய மனிதர் யாரும் வரமாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் மைக்கில், 'எனக்காக வந்திருக்கிறவங்க' என்று ஒருவரைக் கூப்பிட வேண்டும். அவர் மேடைக்கு வந்து அந்தப் பிள்ளையின் கையில் பரிசைக் கொடுக்க வேண்டும். எனக்காக நீ எல்லா வருடமும் வந்தாய். ஒரு வருடம் நான் மைக்கில் உன்னைக் கூப்பிடாமல் தபால்காரரைக் கூப்பிட்டேன். அந்த மனிதர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். நீ வீட்டில் என் காதைத் திருகினாய். அது நல்ல தப்பு, அம்மா. இப்போது சொல்லப்போவது அந்த வகை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது தம்பி போனை வைத்துவிட்டானே, அதற்கு வருகிறேன். நீ மறுபடியும் கூப்பிடவில்லை. உன் வேலை வீட்டு எண்ணுக்கு நாங்கள் கூப்பிடக்கூடாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவன் மேல் வருத்தப்பட்டிருப்பாய். படாதே. அவன் உன்னோடு பேசமாட்டேன் என்று வைக்கவில்லை. பேசியது நீ என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

நீ போன புதிதில் ஒரு நாள் நான் தூங்கிவிட்டேன், தம்பிக்கு நேரமாகிவிட்டது. நீ வைத்துவிட்டுப் போன பழைய போனில் பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டு, உன் குரலில், "டீச்சர், பையனுக்குக் காலைல வயிறு சரியில்ல, கொஞ்சம் லேட்டா அனுப்பறேன்" என்றேன். வயிற்றுவலி அவனுக்கு, நடிப்பு எனக்கு. பெரிய டீச்சர் உருகிவிட்டார். "அவ்வளவு தூரத்துல இருந்துகிட்டு இதையும் கவனிக்கறீங்களேம்மா" என்றார். நீ போனையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. அதன் பிறகு அவரே அந்த எண்ணுக்குக் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு தடவை, "சின்னவன் தங்கம். பெரியவதான் கொஞ்சம் வாலு, இல்லீங்களா?" என்று கேட்டார். நானும் உன் குரலில், "ஐயோ அதை ஏன் கேக்கறீங்க டீச்சர், பிசாசு" என்று என்னையே வாங்கு வாங்கு என்று வாங்கினேன். போனை வைத்த பிறகு சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, அதாவது நிஜ வயிற்றுவலி. அன்றைக்கு அது எனக்கு உலகத்திலேயே பெரிய ஜோக்.

அதே நாட்களில்தான் தம்பி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். இதை உன்னிடம் சொல்லவேண்டாம் என்று சித்தி சொல்லியிருந்தாள். துணி வெட்டும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். சித்தி கெஞ்சினாள், நான் கொஞ்சினேன், மிரட்டினேன். ஷூவைப் போடவே மாட்டான். ஒரு நாள் நான் வீட்டு முன்பக்கத்தில் இருக்கிற சித்தியின் தையல் கடைக்குப் போய், அளவெடுக்கும் திரைக்குப் பின்னால் நின்று, கடை போனிலிருந்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டேன். உனக்குத் தெரியுமே, அந்தப் பழைய போனில் திரை கருத்துப்போய் யார் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாது. "கண்ணா, ஷூவைப் போட்டுட்டியா? வலது கால் முதல்ல" என்றேன்.  அந்தப் பக்கம் ஷூ தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

அதிலிருந்து தினமும் காலையில் 'நீ' கூப்பிட்டாய். அவன் தினமும் பள்ளிக்கூடம் போனான். நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேச முடிகிறது, மற்ற நாட்களுக்கு நான் இருக்கிறேன், அவ்வளவுதான் என்று.

பிறகு பெரிய டீச்சர் ஒரு நாள் கூப்பிட்டு, "இந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு வந்துடுவீங்கல்ல? பையன் மைக்ல உங்களைத்தான் கூப்பிடப்போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்" என்றார். நான் யோசிக்கவே இல்லை, அம்மா. உன் குரலில் இருந்தேன், நீ என்ன சொல்ல ஆசைப்படுவாயோ அதைச் சொன்னேன். "கண்டிப்பா வர்றேன் டீச்சர்" என்றேன். மறுநாள் வாசல் பலகையில் 'தொலைவிலிருந்து தன் பிள்ளைக்காக ஒரு தாய் வருகிறார்' என்று எழுதிவிட்டார், சுற்றிலும் பூ வேறு வரைந்து. தம்பி அதை எழுத்துக்கூட்டிப் படித்து, வகுப்பில் எல்லாரையும் இழுத்து வந்து காட்டினானாம்.

அவன் என்னைக் கண்டுபிடித்தது ஒரு மழை நாளில். ஒரு ஷூவைக் காணோம். நான் திரைக்குள் நின்று கூப்பிட்டுவிட்டேன். அவன் போனைக் காதில் வைத்தபடியே ஷூவைத் தேடிக்கொண்டு கடைக்கு வந்து, திரையை விலக்கினான். என் காதில் போன், அவன் காதில் போன். என் காலடியில் அவன் ஷூ.  அவன் என்னைப் பார்த்துக்கொண்டே போனுக்குள், "அம்மா, ஷூ கிடைச்சிருச்சு, வச்சிடறேன்" என்றான். திரையை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் நான் கூப்பிடவில்லை. அவன் வெறுங்காலோடு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரமாகிவிட்டது. நான் கடைக்குப் போய்க் கூப்பிட்டேன். "வலது கால் முதல்ல" என்றேன். "ம்" என்றான். இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் சொல்லவில்லை. அங்கேயாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது நீ கூப்பிட்டிருக்கிறாய். திரும்பி வந்ததும் தம்பி என்னைப் பார்த்து, "இன்னைக்குத்தான் லீவாச்சே, எதுக்குக் கூப்பிட்ட? அம்மா மாதிரியே இல்ல. நடுவுல இருமல் வேற" என்றான்.

நான் கூப்பிடவே இல்லை என்றேன். அது நிஜமாகவே அம்மாடா என்றேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவன், "நீ எப்பவும் இப்படித்தான் சொல்லுவ" என்று சொல்லிவிட்டுப் பஞ்சை ஊதிக்கொண்டிருந்தான். என் வாயிலிருந்து வந்த பொய்யை எல்லாம் நம்பிய பையன், அன்றைக்கு வந்த ஒரே உண்மையை நம்பவில்லை. நீ போனபோது இருந்த குரலை நான் தினமும் தேய்த்துத் துடைத்து அவன் காதில் வைத்திருந்தேன். உன் குரல் அங்கே மாறியிருக்கிறது. களைத்திருக்கும், இருமியிருக்கும். அது அவனுக்குத் தெரியாமல் போனது என்னால்தான்.

அவன் உன்னிடம் போனில் என்ன சொல்லிவிட்டு வைத்தான் என்று நான் கேட்டேன். "அம்மா மாதிரியே இல்லன்னு சொன்னேன்" என்றான். அதை நீ காதால் கேட்டிருக்கிறாய். நீ அங்கே பார்த்துக்கொள்கிற அந்த வீட்டுப் பெரியவருக்குக் கஞ்சி கொடுத்து, உடம்பு துடைத்து, வாரத்தில் ஒரு முறை கிடைக்கிற போனில் அதைக் கேட்டிருக்கிறாய். உன் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க நான் எல்லா வேலையும் செய்து பார்க்கிறேன். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்துவிட்டேன். சித்தி திட்டக்கூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து, "விழாவுக்கு வர்றேன்னு சொன்னது யாரு? நீயா, நிஜ அம்மாவா?" என்று கேட்டான். நான்தான் என்றேன். அவன் அழவில்லை.  மேகம் மாதிரி இடமிருந்து வலமாகப் போய்விட்டான்.

நேற்று பெரிய டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், என் சொந்தக் குரலில். கேவலமாக இருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "நான் அந்த அம்மாகிட்ட என் வீட்டுக் கஷ்டமெல்லாம் சொல்லியிருக்கேனே" என்றார். அது எனக்கு அறை விழுந்ததைவிட வலித்தது. அவர் வாசலுக்குப் போய்ப் பலகையில் உன்னைப் பற்றிய வரியை டஸ்டரால் இல்லாமல் உள்ளங்கையால் அழித்தார். பூக்களை மட்டும் அழிக்கவில்லை. நான் கிளம்பும்போது, ஒத்திகையில் தம்பி மைக் முன்னால் வாயே திறக்கவில்லை என்றும், அதனால் அவனைக் கடைசியாகக் கூப்பிடப்போவதாகவும் சொன்னார். எதற்குக் கடைசி என்று நான் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை.

வா என்று எழுத எனக்கு வாயில்லை, அம்மா. உன்னைக் கேட்காமல் உனக்காக ஏற்கெனவே சொல்லிவிட்டவள் நான். லீவு கேட்டால் அந்த வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். விழா மாதக் கடைசிச் சனிக்கிழமை, சாயங்காலம். சும்மா செய்திக்காக எழுதினேன், பலகையில் இருக்கிறதே என்று.

ஒன்று மட்டும் செய். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அவன் மறுபடியும் நீ இல்லை என்பான். வைத்துவிடாதே. இருமல் வந்தால் அடக்காதே, இருமியே பேசு. எனக்குத் தெரியாத ஏதாவது ஒன்றை அவனிடம் சொல்லு. உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்தது ஏதாவது இருக்குமே, அதைச் சொல்லு. என்னவென்று நான் கேட்கமாட்டேன். அவன் பேசி முடிக்கிறவரை நான் அவன் கண் முன்னால், வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, இரண்டு கன்னமும் உப்பியபடி நிற்கிறேன். நான் பேசவில்லை என்று அவன் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் விழுங்கமாட்டேன்.

இருமலுக்கு வெந்நீர் குடி. உடம்பைப் பார்த்துக்கொள். உன் குரலை இனிமேல் தொடமாட்டேன், அது உன்னிடமே பத்திரமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்
உன் பெரியவள்